நாலு விரல் இடைவெளி

1

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒன்றரை வரை, நான் என் கார் டிக்கிக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் செய்கிற காரியமில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே இரண்டு முறை எட்டிப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனார். சரிதான் என்றேன். இந்த ஊரில் கைவிரல் துண்டாகிக் கீழே கிடந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். இங்கே வந்த பதினெட்டு வருஷத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட மரியாதை அது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வருவதாக இருந்தது. இங்கே நாயைச் சும்மா காரில் ஏற்றிக்கொண்டு போய்விட முடியாது. பிரேக் அடித்தால் அது பறந்து வந்து முன்னால் விழும். அதற்கும் அடி, நமக்கும் அடி. அதனால் பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு மாட்ட வேண்டும். கடையில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் நாய்க்கம்பி என்றுதான் சொல்கிறேன்.

என்னுடையது எஸ்டேட் கார். அம்பத்தூர்ப் பக்கத்து ஆளுக்கு எஸ்டேட் என்றால் ஒன்றுதான்: ஷிப்ட் விடுகிற நேரத்தில் மொபெட்டும் சைக்கிளும் மந்தையாக வெளியே வருகிற அந்தத் தொழிற்பேட்டை. நானும் அங்கே ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் அளவு பார்க்கிற வேலை செய்தவன். இங்கே எஸ்டேட் என்றால் பின்பக்கம் நீளமாக, சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே சுவர் இல்லாத கார். வாங்கிய புதிதில் சொந்த ஊரான நெமிலிச்சேரிக்குப் போன் போட்டு, "நைனா, எஸ்டேட் வாங்கியிருக்கேன்" என்றேன்.  என் அப்பா, "எத்தினி ஏக்கரு?" என்று கேட்டார்.

நாளை மறுநாள் நைனாவுக்கு இரண்டாம் வருஷத் திதி. நாய்க்கம்பி மாட்டிய அன்றைக்கு நடந்ததை அவருக்குத்தான் சொல்ல வேண்டும். அவர் இல்லாததால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

அம்மா போன பிறகு நைனா நெமிலிச்சேரி வீட்டில் தனியாக இருந்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் ஒரு டீ, ஒரு பேப்பர், யாராவது கிடைத்தால் ஒரு சண்டை. ஒரு நாள் அப்படிப் போனவர் பின்னாலேயே ஒரு நாய் வந்துவிட்டது. செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து. ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களின் கால்களையெல்லாம் டிக்கெட் கேட்பது மாதிரி மோந்து பார்க்குமாம். அதனால் அதற்கு டிடிஆர் என்று பெயர் வைத்தார். இங்கே மாதிரி ஒரு தாள் நிரப்பவில்லை, ஒருவரும் வந்து வீட்டைப் பார்க்கவில்லை. நாய் வந்தது, இருந்தது.

நைனாவுக்கும் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. நம் ஊரில் எங்கே கிளம்பினாலும் போறேன் என்று சொல்ல மாட்டோம் அல்லவா. ரேஷன் கடைக்குப் போனாலும் வந்துடறேன் என்றுதான் வாய் வரும். நைனா அதை நாயிடமும் சொல்வார். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "இரு, தோ வந்துடறேன்" என்பார். டிடிஆர் அங்கேயே குந்திவிடும். பூந்தமல்லிக்கு வைத்தியத்துக்குப் போய் அவர் சாயங்காலம் திரும்பினாலும் அதே இடத்தில் இருக்கும். எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைப்பாராம். அக்கா வீட்டார் பல தலைமுறையாக அதே ஊர்க்காரர்கள். நிலமெல்லாம் மனையாகிப் போனாலும் இரண்டு மாட்டை விடாமல் வைத்திருக்கிறவர்.

என் மகள் யாழினிக்குத் தமிழ் வந்தது டிடிஆரால். இதைச் சொன்னால் இங்கே தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் சனிக்கிழமை தவறாமல் கூட்டிப் போனேன். வரும்போது பத்து மிட்டாயும் ஒரு வார்த்தையும் கொண்டுவருவாள். நாங்கள் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நைனா, "இவனுக்கு இங்கிலீஷ் வராது பாப்பா, நீ தமிழ்ல பேசு" என்று போனை நாயின் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். அவள் பேசுவாள். "டிடிஆர், சாப்ட்டியா? இன்னா துன்னே?" என்று நெமிலிச்சேரித் தமிழ் அப்படியே. என் மனைவிக்கு அது பிடிக்காது. நல்ல தமிழ் பேசட்டுமே என்பாள். எனக்குக் கேட்கக் கேட்க இனிக்கும்.

டிடிஆர் இல்லாமல் போன பிறகு அவள் தமிழ் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

3

நைனா தூக்கத்தில் போனார். எனக்கு மூன்று வாரம் லீவு கிடைத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிய, கையில் ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளும் வந்தவர் போனவர் எல்லோரும் வீட்டைப் பற்றியே பேசினார்கள். சும்மா பூட்டிப் போட்டால் குடிகாரன் வந்து வராண்டாவில் படுப்பான். எவனாவது குடியேறிவிட்டால் கிளப்பவே முடியாது. அதிலும் வானகரத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் என்னைத் தனியாகக் கூட்டிப் போய், "சாவிய மட்டும் யார்கிட்டயும் குட்த்துட்டுப் போயிடாத. எதிர்வூடுன்னு பாக்காத. ஊட்டையே எழுதி வாங்கிடுவானுங்க" என்றார். வெளிநாட்டில் இருக்கிறவனைப் பயமுறுத்துவது சுலபம். ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவனே பாதி நம்பிக்கொண்டிருப்பான்.

வராண்டாவைச் சுற்றித் தரையிலிருந்து கூரை வரைக்கும் கிரில் போட முடிவு செய்தேன். பட்டாபிராமிலிருந்து ஒரு வெல்டர் வந்தார்.

"கம்பிக்குக் கம்பி கேப்பு எவ்ளோ வைக்கட்டும் அண்ணாத்தே?"

"நாய் பூரக்கூடாது. உள்ள வந்து அசிங்கம் பண்ணும். அடுத்த தபா நான் வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"அப்ப தலை அளவு பாத்துக்கோ. தலை பூந்தா ஒடம்பு பூந்துடும்."

நான்தான் அளவு பார்க்கிற ஆளாயிற்றே. டிடிஆரைக் கூப்பிட்டேன். வந்தது. அதன் தலையைக் கையால் பிடித்து, இரண்டு காதுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன். அதற்கு என்ன தெரியும். நான் தடவிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு என் உள்ளங்கையில் தலையைச் சாய்த்தது. பதினாறு நாளாக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். "நாலு விரல் போதும்" என்று வெல்டரிடம் சொன்னேன்.

அது தினமும் படுத்தது அந்த வராண்டாவில்தான், நைனாவின் கட்டிலுக்குக் கீழே. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஐந்து நாளும் கண் முன்னால்தான் படுத்திருந்தது. தெருநாய்தானே, தெரு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நான் இருந்த காலத்துத் தெரு அப்படிப் பார்த்துக்கொள்ளும். இப்போது பாதி அடுக்குமாடி. காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்களுக்கு நாய் ஒரு தொல்லை. அவர்களைச் சொல்ல எனக்கு வாயில்லை.

சோறு போடுவதற்குக் கஸ்தூரி அக்கா ஒத்துக்கொண்டார். டாக்ஸியில் பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. கிரில்லைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிடிஆர் கேட்டுக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, யோசிக்காமல், "இரு, தோ வந்துடறேன்" என்றேன்.

அது குந்தியது.

4

முதல் மாதம் அக்கா படம் அனுப்பினார். டிடிஆர் தட்டில் வாய் வைத்திருக்கும் படம். கூடவே குரல் செய்தி.

"எங்க ஊட்டுக்குக் கூப்ட்டா வர்றான்பா. துன்றான். துன்ன ஒடனே ஓடிப் போயி உங்கூட்டு கிரில்லாண்டயே குந்திக்கிறான். மாட்டுக் கொட்டாய்ல கட்டிக்கூட போட்டு பாத்தேன், கயித்தக் கட்ச்சிகினு போயிட்டான்."

"சரியாப் போயிடும்க்கா" என்று பதில் போட்டேன். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மை வேறு.

ஐப்பசியில் மழை பிடித்தது. நெமிலிச்சேரியில் மழை பிடித்தால் தெரியுமே, தெருவில் கணுக்கால் தண்ணீர். ஒரு நாள் அக்கா நேராகப் போன் செய்தார். நான் வேலையில் இருந்தேன்; இங்கேயும் அதே அளவு பார்க்கிற வேலைதான்.

"நைனா பய்யா, நாயி நனஞ்சிகினே கீது. ஒரே நடுக்கம். உள்ள பூர பாக்குது, தலை போவல. நீ சாவி குட்த்துட்டு போயிருந்தா தொறந்து வுட்டுருப்பேன். பூட்ட ஒட்ச்சிடட்டா?"

நைனா பய்யா என்றால் நைனாவின் பையன். என் பெயரை அக்கா சொன்னதே இல்லை.

இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே எழுத்து. என் தலைக்குள் வானகரத்துச் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். பூட்டை உடைத்தால் அப்புறம் யார் யார் வருவார்களோ. அக்காவின் மேலேயே சந்தேகப்பட்டேன் என்பதுதான் உண்மை. நைனாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் ரசம் வைத்துக் கொடுத்த மனுஷியின் மேல்.

"வேணாம்க்கா. ஒரு மாசம் பொறுங்க. டிசம்பர்ல நானே வந்துடறேன்."

 "உனக்கு லீவு இல்ல, இன்னா பண்ணுவ. நாயிக்கு லீவுன்னா இன்னான்னு தெர்யுமா?" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

நாலாவது நாள் காலையில் செய்தி வந்தது. படம் அனுப்பவில்லை, குரல் மட்டும். "போயிட்டான்பா. கிரில்லுக்கு உள்ள மூக்க மட்டும் வச்சிகினு படுத்துனு இருந்தான். வூட்டுக்காரரு காம்பவுண்டு ஓரமா பொதச்சிட்டாரு."

நான் அதை மூன்று முறை கேட்டேன். பிறகு ஒரு அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். அன்று நான் பார்த்த அளவெல்லாம் சரியாகவே இருந்தது.

டிசம்பரில் நான் போகவும் இல்லை.

5

யாழினிக்கு அப்போது பதினாலு வயது. டிடிஆர் எங்கே என்று கேட்டாள். குத்தம்பாக்கத்தில் ஒரு நண்பருக்குப் பண்ணை இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறோம், ஓடி ஆடிச் சந்தோஷமாக இருக்கிறது என்றேன். அந்த நண்பரும் இல்லை, பண்ணையும் இல்லை. படம் கேட்டாள். தள்ளிப் போட்டேன். விடாமல் கேட்டாள். இணையத்தில் தேடி, ஒரு மாமரத்தடியில் நிற்கும் செம்பழுப்பு நாட்டு நாயின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு இரண்டு காதும் நிமிர்ந்திருந்தன. "காது சரியாகிவிட்டதா?" என்று கேட்டாள். "காற்று மாறினால் சரியாகும்" என்றேன். எப்படி வாய் வந்ததோ. அவள் அதைப் பெரிதாக அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டி வைத்தாள். இரண்டு வருஷமாக அவள் அறைக்குள் போகும்போதெல்லாம் அந்த யாரோ ஒரு நாய் என்னைப் பார்க்கும்.

இந்த வருஷம் அவளே ஒரு நாய்க் காப்பகத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே மிஷு என்று ஒன்று. ருமேனியாவில் தெருவில் திரிந்த நாய். பிடித்து, ஊசி போட்டு, தோலுக்குள் அடையாளச் சிப் வைத்து, பாஸ்போர்ட் எடுத்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். "தெருநாய் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதே, நாம் ஏன் டிடிஆரைக் கொண்டுவரவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இந்தியாவிலிருந்து ரொம்பக் கஷ்டம்" என்றேன். கஷ்டமா சுலபமா என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

காப்பகத்திலிருந்து ஒரு அம்மாள் வீடு பார்க்க வந்தார். வேலி உயரத்தை நாடா வைத்து அளந்தார். எத்தனை மணி நேரம் நாய் தனியாக இருக்கும், மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா, யார் கூட்டிப் போவார்கள். எனக்குக் குடியுரிமை கொடுத்தபோதுகூட என் வேலியை யாரும் அளக்கவில்லை. போகும்போது, காருக்குத் தடுப்பு மாட்டச் சொன்னார். மீதி விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பச் சொன்னார். யாழினிக்குப் பதினாறு வயதுதான் என்பதால் கையெழுத்து என்னுடையது.

அந்த மீதியில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் உங்கள் குடும்பத்தில் நாய் இருந்ததா? இப்போது அது எங்கே? அதைத் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண் தரவும்.

நான் செய்த அடுத்த கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கஸ்தூரி அக்காவுக்குப் போன் செய்தேன். யாராவது கேட்டால், யாழினியே கேட்டாலும், நாய் குத்தம்பாக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"நா பொய் சொல்லாதவ இல்லப்பா. பால்ல தண்ணி ஊத்தலன்னு தெனம் சொல்றேன். ஆனா அந்த வாயில்லா ஜீவன் பேர்ல சொல்ல மாட்டேன். நாந்தான அத கையால தூக்கினு போயி பொதைக்கக் குட்த்தேன்."

6

இனிமேல்தான் அந்தச் சனிக்கிழமை.

நாய்க்கம்பி ஒரு தட்டையான பெட்டியில் வந்தது. இரண்டு நீளக் கால், ரப்பர் பாதம், குறுக்கே ஐந்து கம்பி, இறுக்குவதற்குத் திருகுகள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. எல்லாக் காருக்கும் பொருந்துகிற எதுவும் எந்தக் காருக்கும் பொருந்தாது என்பது தொழிலில் நான் கற்ற பாடம். கார் கூரை ஓரத்தில் வளைகிறது. கம்பி வளையாது. முதல் தடவை மாட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டினேன், மொத்தமும் சீட்டின் மேல் சாய்ந்தது. இரண்டாம் தடவை தலைகீழாக மாட்டியிருந்தேன்.

மூன்றாம் தடவைக்கு யாழினியைக் கூப்பிட்டேன். ஒருவர் சீட்டுப் பக்கமிருந்து பிடிக்க வேண்டும், ஒருவர் டிக்கியிலிருந்து திருக வேண்டும். அவள் பின் சீட்டில் மண்டி போட்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் விண்ணப்பமும் பேனாவும். நான் டிக்கிக்குள். நடுவில் கம்பி.

"விளக்கத் தாளில் என்ன போட்டிருக்கிறது, படி" என்றேன்.

படித்தாள். உங்கள் நாயின் தலை அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

என் கை நின்றது. அவள் கவனிக்கவில்லை, வழக்கமான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே விண்ணப்பத்துக்குப் போய்விட்டாள். "அந்தக் கேள்விக்கு எழுதிவிட்டேன். இந்தியாவில் ஒரு பண்ணையில் சந்தோஷமாக இருக்கிறான். அந்தப் பண்ணை மாமாவின் நம்பர் சொல்லுங்கள்."

"யாழினி."

"ம்."

"பண்ணை இல்லம்மா."

பத்து நிமிஷம் பேசியிருப்பேன். திருகைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். வெல்டரைச் சொன்னேன். தலையை அளந்ததைச் சொன்னேன். சாவி, பூட்டு, அக்கா கேட்டது, நான் வேண்டாம் என்றது, மூக்கு மட்டும் உள்ளே இருந்தது. இரு வந்துடறேன் என்று நான் சொன்னதை மட்டும் சொல்லாமல் விடப் பார்த்தேன். அதையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாவி இப்போது எங்கே?"

"சமையலறை டிராயரில்."

"இங்கேயா? இந்த வீட்டிலா?"

"ஆமாம்."

கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள். நான் டிக்கிக்குள்ளேயே இருந்தேன். வெளியே வரத் தோன்றவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் முறை எட்டிப் பார்த்து எல்லாம் சரிதானே என்று கேட்டார்.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். சாவியைக் கையில் வைத்திருந்தாள். விண்ணப்பத்தைக் கம்பிக்கு நடுவே நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னாள். முன்பு எழுதியதை அடித்துவிட்டு இப்படி எழுதியிருந்தாள்: இருந்தது. எங்களுக்காகக் காத்திருந்தது. நாங்கள் அதை வெளியே வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். இறந்துவிட்டது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கஸ்தூரி அக்காவின் எண்.

"நாங்கள் இல்லை. நான்தான். அதை மாற்று" என்றேன்.

"நான் இன்னும் நிறைய தடவை கேட்டிருக்க வேண்டும். காது சரியானது என்று நம்பினேனே" என்றாள்.

அந்த ஒரு வரிக்காக என்னை யாராவது செருப்பால் அடித்திருக்கலாம். கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் மறுபடி சீட்டில் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். நான் திருகினேன்.  இந்தத் தடவை தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அன்று மாலை அவள் மேசைக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது.

7

நாய் கிடைக்காது என்றே நினைத்தோம். எட்டு நாள் தகவல் இல்லை. யாழினி என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். ஒன்பதாம் நாள் காப்பகத்து அம்மாள் போன் செய்தார். விண்ணப்பத்தைப் படித்தேன், கஷ்டமாக இருந்தது என்றார். பிறகு, மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நல்ல ஆங்கிலமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. "சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. சனிக்கிழமை வந்து கூட்டிப் போகச் சொன்னார்.

அன்றைக்கே கஸ்தூரி அக்காவுக்கும் போன் போட்டேன். "அக்கா, அந்தப் பூட்ட ஒடச்சிடுங்க."

"இப்ப இன்னாத்துக்கு?"

"மழ வருதுல்ல. எதாச்சும் வந்து படுத்துக்கட்டும்."

"அப்பவே சொல்லிருக்கலாம்" என்றார்.  

நேற்று மிஷுவைக் கூட்டி வந்தோம். கறுப்பு நாய், ஒல்லி, கண்ணில் சந்தேகம். டிக்கியில் ஏறி, நாய்க்கம்பியை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்தது. யாழினி பின் சீட்டில் உட்கார்ந்து, கம்பிக்கு நடுவே இரண்டு விரலை நீட்டி வைத்திருந்தாள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். போட்டுவிட்டு, கடைக்குள் போய்ப் பணம் கட்ட வேண்டும். கதவைச் சாத்தும்போது அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என் வாயில் அந்த வார்த்தை வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். இந்த ஜென்மத்தில் எந்த நாயிடமும் அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நான் நகரவும் நாய் எழுந்து நின்று சிணுங்க ஆரம்பித்தது. அப்போது பின் சீட்டிலிருந்து குரல் கேட்டது. யாழினியின் குரல், இரண்டு வருஷமாக நான் கேட்காத தமிழ்.

"இரு, மிஷு. அப்பா தோ வந்துடுவாரு."

சொல்லிவிட்டு யாழினி நாயைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைத்தான் பார்த்தாள்.

கடையில் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் கார்டைத் தட்டிவிட்டு, ரசீதுக்குக்கூட நிற்காமல், மழையில் நனைந்த தரையில் நான் ஓடி வந்தேன்.